பிறை காண்டலும் நாள் துணிதலும்

நோன்பு நோற்பார்க்கு நாள் இன்றியமையாதது. அந்நாள் புனிதமாவது தன் இயல்பினாலோ, நோற்பார் அதனைக் கொள்ளுதலினாலோ என்னும் வினாவை எழுப்புவார் சிலரே. எழுப்பாதார்க்கும் ஒரோவழி இவ்வினா வாயிலில் வந்து நிற்கும். ஒரே ஊரின்கண் ஒருசார் முஸ்லிம்கள் புத்தாடை உடுத்துப் பெருநாட்டொழுகைக்குச் செல்ல, மற்றொரு சாரார் அன்றும் பசித்திருந்து மாலையில் நோன்புக் கஞ்சிக்குக் காத்திருத்தலைத் தமிழ்நாட்டிற் பல யாண்டுகளிற் கண்டிருக்கின்றாம். இருசாரார்க்கும் மறை ஒன்றே; நபியும் ஒருவரே; வானத்துத் திங்களும் ஒன்றே. அந்நாள் பெருநாளாயின் அன்று நோற்றல் விலக்கு. ரமலானின் இறுதிநாளாயின் அன்று உண்டல் விலக்கு. ஆகவே இருசாராருள் ஒருசாரார் விலக்கியது செய்தாராதல் வேண்டும் போலும்! அவ்வாறு ஆவாரோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

பிறர் சமயத்து வழக்கினை நம் இதழில் ஆராய்தல் எற்றுக்கெனின், கூறுவாம். காலம் என்பது நம்மவர் கூறும் வித்தியா தத்துவங்களுள் ஒன்று, மாயையிற் றோன்றியது, சடம். சடமாகிய வினை தானே சென்று பயன் கொடாது, கொடுப்பான் ஒருவன் வேண்டும் என்று நாம் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றோம். அங்ஙனமாயின் சடமாகிய ஒரு நாழிகை தானே புனிதம் பயத்தல் யாங்ஙனம்? இவ்வினா நம்முடையதே. ஆயினும் இதனைப் பிற சமயத்தார் நம்மினும் கூர்மையாக நேரிட்டிருக்கின்றனர். திதி நிச்சயத்தைப் பஞ்சாங்கம் கணிப்பார்பால் விட்டு நாம் அமைதியாயிருந்தோம். அவர் அதன்பொருட்டு வழக்காடினர், வருந்தினர், பிரிந்தனர், கூடினர்.

முதற்கண் இஸ்லாமியர் யாண்டின் இயல்பை அறிதல் வேண்டும். அது தூய சாந்திரமானம். திங்கள் ஒன்றுக்கு இருபத்தொன்பது நாள் அல்லது முப்பது நாள். யாண்டொன்றுக்கு 354 அல்லது 355 நாள். கதிரவன் யாண்டினும் இது பதினொரு நாள் அளவிற் குறைதலின், ரமலான் மாதம் ஏறத்தாழ முப்பத்துமூன்று யாண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். 2030-ஆம் ஆண்டில் ஜனவரித் திங்களில் ஒருமுறையும் டிசம்பர்த் திங்களின் இறுதியில் மறுமுறையும் ரமலான் தொடங்கவிருப்பது இதனாலேயாம். இஸ்லாத்திற்கு முன்னர் அரபு மக்கள் இடையிடையே ஒரு திங்களைச் செருகியும் தள்ளியும் வைக்கும் வழக்கினை உடையராயிருந்தனர். கினானா என்னும் குலத்தினர்க்கு அவ்வுரிமை இருந்தது. போர் விலக்கிய திங்கள் போர்செய்ய விரும்புவார்க்கு இடையூறாயின் அதனை வேறிடத்துக்குத் தள்ளிவிடுவர். திருக்குர்ஆன் இதனைக் கடிந்து விலக்கிற்று. 632-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜிற் செய்த பேருரையிலும் இதனை எடுத்துரைத்தனர். செருகுதல் ஒழியவே திங்கள்கள் பருவத்தினின்றும் விடுபட்டன. இதன்கண் ஓர் அறப்பயன் உண்டென்பது எம் கருத்து. நோன்பு மாதம் ஒரு பருவத்திலேயே நிலைத்து நிற்குமாயின், ஒரு நாட்டார்க்கு அது எஞ்ஞான்றும் குளிர்ந்த குறும்பகலாகவும் மற்றொரு நாட்டார்க்கு எஞ்ஞான்றும் வெந்த நெடும்பகலாகவும் முடியும். சுழலும் மாதமோ ஒருவன் தன் வாழ்நாளில் எளிய நோன்பையும் அரிய நோன்பையும் ஒருங்கே நுகருமாறு செய்கின்றது. மக்கள் தம் வசதிக்கு நாளை வளைத்தலைத் தடுத்த அச்சமயம், நாளைத் துணியும் வகையிலும் ஒரு நெறி வகுத்தது.

அந்நெறி யாது? பிறையைக் கண்டு நோன்பு தொடங்குக; பிறையைக் கண்டு விடுக; மேகம் மறைத்ததாயின் முப்பது நாள் நிரப்புக என்பதே. கணக்கு வல்லாரை நோக்கி இக்கட்டளை எழவில்லை. மாலையில் முற்றத்தே வந்து மேற்றிசை நோக்கும் எளிய மக்களை நோக்கியே எழுந்தது. அமாவாசைக் கூட்டம் நிகழ்ந்தவுடன் பிறை தோன்றுவதில்லை. கதிரவனுக்கும் திங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு பாகையாவது விலக்கம் வேண்டுமென்று தாஞ்சோன் என்னும் பிரெஞ்சு வானூலார் 1932-இல் எழுதினர். வானம் தெளிந்திருத்தல், காண்பான் நிற்கும் இடம், அடிவானத்துப் புழுதி ஆகிய இவையெல்லாம் காட்சிக்குத் துணையும் தடையும் ஆகும். ஆகவே ஓர் ஊரில் தோன்றிய பிறை மற்றோர் ஊரில் தோன்றாதொழிதல் இயற்கையே.

ஈண்டு ஒரு தடை நிகழும். "முஸ்லிம்கள் ஐந்து வேளைத் தொழுகைக்கும் கணிதத்தையே பின்பற்றுகின்றனர். பள்ளிவாயிலில் தொங்கும் கால அட்டவணையைக் கண்டு பாங்கு சொல்லுகின்றனரேயன்றி, நிழலை அளந்து சொல்லுவார் இக்காலத்து யாண்டையர்? தொழுகைக்கு ஏற்ற கணிதம் நோன்புக்கு ஏலாதது என்னை?" என்பது அது. இத்தடை புதியதன்று. மத்திய காலத்துப் பள்ளிவாயில்களிற் காலம் கணிப்பார் ஒருவர் பணியில் இருந்தனர். திமிஷ்கு நகரத்து உமையாப் பெரும்பள்ளியில் அப்பணி புரிந்த இப்னு ஷாத்திர் (இறப்பு 1375) கோள்நிலை நூலில் உலகப்புகழ் பெற்றவர். அத்தகைய வல்லாரைத் தம்மகத்தே வைத்துக்கொண்டே பிறைக்கு மட்டும் கண்ணை நம்பினர் எனின், அஃது அறியாமையாற் செய்ததன்று.

எகிப்து நாட்டு மாலிக்கீ நூலாசிரியராகிய அல்கராபி (இறப்பு 1285) இதற்குக் கூறிய விடை எம்மனோர் ஆழ்ந்து நோக்கற்பாலது. நண்பகற் றொழுகைக்குக் காரணம் நண்பகல் நிகழ்தலே; ஒருவன் அதனைக் காணினும் காணாவிடினும், நிகழ்ந்ததென்று எவ்வாற்றான் அறியினும், தொழுகை கடனாகிவிடும். நோன்புக்கோ காரணம் திங்கள் கதிரினின்றும் விலகுதல் அன்று. அது காணப்படுதலே காரணம். ஆதலின் முன்னதற்குக் கணிதம் செல்லும். பின்னதற்குச் செல்லாது என்பது அவர் கொள்கை. இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கணிதம் பொய்யென்று அவர் கூறிற்றிலர். கணிதம் மெய்யேயாயினும் அது வேறொன்றைப் பற்றிய மெய் என்றனர். வானத்தில் நிகழ்வது ஒன்று. அது மக்கள் கண்ணுக்குப் புலனாதல் மற்றொன்று. இறைவன் நோன்பைக் கட்டியது பின்னதனோடு. ஆகவே கண்டார் கூற்று ஏற்கப்பட்டுப் பலரும் ஒருப்படுங்காறும் அந்நாள் ரமலானின் முதல்நாள் ஆகாது. திங்கள் பிறந்தது உண்மை. திங்கள் மாதம் பிறந்திலது!

நாள் தன்னியல்பாற் புனிதமன்று, கட்டளையோடு பொருந்திய வழியே புனிதமாம் என்பது இவ்விடையின் உட்கிடை. சடமாகிய காலம் தானே பயன் தாராது என்னும் நம் கொள்கைக்கு இஃது இயைபுடைத்தாதல் காண்க.

அற்றேல், கண்டேன் என்று எவன் கூறினும் ஏற்றல் வேண்டுமோ? ஷாபியீ நூலாசிரியரும் திமிஷ்கு நகரத்து நடுவருமாகிய தகியுத்தீன் சுபுக்கீ (இறப்பு 1355) இதற்கு எல்லை கட்டினர். அன்று பிறை தோன்றுதல் இயலாதென்று கணிதம் ஐயமறக் காட்டுமாயின், கண்டேன் என்பான் கூற்றைத் தள்ளுக என்பது அவர் முடிபு. சான்று என்பது நிகழக்கூடியதைப் பற்றியதாதல் வேண்டும்; நிகழவொண்ணாததைக் கண்டேன் என்பது சான்றன்று, மயக்கம் அல்லது பொய். இவ்வாறு கணிதம் ஆக்குதற்கு உதவாவிடினும் விலக்குதற்கு உதவும் என்பது பெறப்பட்டது. இதனினும் செவ்விய நடுநிலையை யாம் கண்டிலம்.

இதனைக் கடந்து சென்றாரும் உளர். பாத்திமீ ஆட்சியினர் முப்பதும் இருபத்தொன்பதுமாக மாறிமாறி வரும் கணக்கு யாண்டினையே கொண்டனர். அவர் வழிவந்த போராக்கள் இன்றும் அதனையே கொண்டு, பெரும்பான்மையும் மற்றை முஸ்லிம்களுக்கு ஒரு நாளோ இரு நாளோ முன்னரே நோன்பு தொடங்குகின்றனர். எகிப்து நாட்டு நடுவர் அகமது முகம்மது ஷாக்கிர் 1939-இல் ஒரு சிறு நூல் எழுதிக் கணிதமே கொள்ளத்தக்கது என்றனர். எழுத்தும் கணக்கும் அறியாத மக்களாயிருந்தமை பற்றியே பிறை காண்டல் கட்டளையிடப்பட்டது, அக்காரணம் நீங்கவே கட்டளையும் மாறும் என்பது அவர் வாதம். வட அமெரிக்கப் பிக்ஹுக் கழகம் 2006-இல் கணிதத்தை ஏற்றது. ஷாக்கிரின் வாதம் வலியுடையதே. ஆயினும் ஒன்று கேட்பாம்: கணிதம் வரின் பிளவு நீங்கும் என்னும் நம்பிக்கைக்குச் சான்று யாது? யூதர் வரலாறு அதற்கு மாறாக நிற்கின்றது.

யூதரும் பண்டு பிறை கண்டே திங்களைத் துணிந்தனர். சான்று கூற வருவார் எருசலேமில் ஒரு பெருமுற்றத்திற் கூடுவர். அவர்க்கு விருந்தும் அளிக்கப்படும். துணிந்த செய்தியை மலைமுகடுகளில் தீக்கொளுவித் தொலைநாட்டார்க்கு அறிவிப்பர். சமாரியர் பொய்த்தீ எழுப்பிக் குழப்பவே அது விடுத்துத் தூதரை அனுப்பினர். எருசலேம் கோயில் 70-ஆம் ஆண்டில் அழிந்தபின் யவ்னே என்னும் ஊரிலிருந்த நடுவர் மன்றம் இவ்வுரிமையை நடத்திற்று. அதன் தலைவராகிய கமாலியேல் தம் மேன்மாடச் சுவரிற் பிறையின் வடிவங்களை எழுதி வைத்து, வந்த பாமரரை "இவ்வாறு கண்டாயோ? அவ்வாறு கண்டாயோ?" என்று வினவுவார் என மிஷ்னா என்னும் நூல் கூறும்.

அந்நூல் கூறும் நிகழ்ச்சி ஒன்றே யாம் இக்கட்டுரை எழுதத் தூண்டுதலாயிற்று. ஒருமுறை இருவர் வந்து உரிய காலத்திற் பிறை கண்டதாகச் சான்று கூறினர். அடுத்த இரவிலோ பிறை எவர்க்கும் தோன்றிற்றிலது. கமாலியேல் அச்சான்றினை ஏற்று நாள் துணிந்தார். தோசா என்னும் பெரியார், இவர் பொய்ச்சான்றினர் என்றார். நேற்றுப் பிள்ளை பெற்றாள் என்று சொல்லப்பட்டவள் இன்று நிறைவயிற்றினளாய்த் தோன்றுவதை ஒக்கும் இது என்று எள்ளினார். யோசுவா என்னும் அறிஞரும் அதற்கு உடன்பட்டார். யோசுவாவின் கணக்குப்படி யூதரின் பெருநோன்பாகிய கழுவாய்நாள் வேறொரு நாளில் வரும். கமாலியேல் அவர்க்குக் கட்டளை விடுத்தார்: நும் கணக்குப்படி கழுவாய்நாளாகிய அந்நாளில், கைக்கோலும் காசும் ஏந்தி எம்மிடம் வருக என்பது அது.

இக்கட்டளையின் கடுமையை உணர்தல் வேண்டும். அந்நாளிற் கோலும் காசும் தாங்கி வழிச்சேறல் பெரும்பிழை. தம் அறிவு புனிதம் என்று கூறும் நாளைத் தம் கையாலேயே மாசுபடுத்துமாறு ஒரு சான்றோர் ஏவப்பட்டார். அவர் வருந்தினார். அக்கீபா என்பார் வந்து, திருநாள்களை நீங்கள் அறிவிப்பீர்களாக என்று மறை கூறுதலின், உரிய காலத்தாயினும் அன்றாயினும் மன்றம் அறிவித்ததே நாள் என்று தேற்றினார். தோசாவோ, சான்றினைப் பொய் என்ற அதே பெரியார், கமாலியேல் மன்றத்தின் முடிபை நாம் மறுப்போமாயின் மோசே நாள்தொட்டு நின்ற மன்றங்கள் அனைத்தின் முடிபையும் மறுக்க நேரும் என்றார். யோசுவா கோலும் காசும் எடுத்துக்கொண்டு யவ்னேக்கு நடந்தார். கமாலியேல் எழுந்து நின்று அவரைத் தலையில் முத்தமிட்டு, அறிவினால் எம் ஆசிரியர் நீர், எம் சொல் ஏற்றமையால் எம் மாணவர் நீர் என்று வரவேற்றார்.

இதன்கண் யார் பக்கம் உண்மை? வானூற்படி நோக்கின் தோசாவும் யோசுவாவும் கூறியதே பொருத்தம் என்று தோன்றுகின்றது. கமாலியேலும் தம் முத்தத்தால் அதனை ஒருவாறு ஒப்பினாராவர். என்னை, அறிவினால் ஆசிரியர் என்று கூறினமையின். அவர் வேண்டியது யோசுவாவின் அறிவை மாற்றுதல் அன்று. அவ்வறிவினால் ஒரு தனிக்குழு தோன்றாமைக் காத்தலே. கழுவாய்நாள் ஒருவன் தனித்துத் தன் அறையிற் கொண்டாடும் நாளன்று. ஒரு மக்கட்டொகுதி ஒருங்கே இறைவன் முன்னிலையில் நிற்கும் நாள். தொகுதியில்லாத வழி அந்நாளும் இல்லை. இவ்வாற்றான் யோசுவா மாசுபடுத்தியது கழுவாய்நாளை அன்று, வெறுநாள் ஒன்றனையே என்பது எம் துணிபு. எனினும் அவர் நடந்த வழியில் உற்ற வருத்தம் பொய்யன்று. அவ்வருத்தம் இல்லாத உடன்பாடு அடிமைத்தனத்தின் வேறாகாது.

பின்னர், நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் இல்லேல் என்பார் காலத்துக் கணித நெறி நிலைபெற்றதென யூதர் மரபு கூறும். கணிதம் வந்தும் பிணக்கு ஒழிந்திலது. 922-ஆம் ஆண்டில் பாபிலோனியத்து சாதியாவும் பாலத்தீனத்து பென் மேயிரும் ஒரு நாளின் சிறு கூறு பற்றி மாறுகொள்ள, யூதருள் ஒருசாரார் பாஸ்கா விழாவை ஞாயிற்றுக்கிழமையும் மற்றையோர் செவ்வாய்க்கிழமையும் தொடங்கினர். காராயர் என்னும் பிரிவினரோ கணிதத்தையே தள்ளிப் பிறைகாண்டற்கு மீண்டனர்.

கிறித்தவர் நிலையும் இதுவே. 325-இல் நிக்கேயாவிற் கூடிய பேரவை உயிர்த்தெழுந்த ஞாயிற்றை எல்லாரும் ஒரேநாளிற் கொள்ளுமாறு வேண்டிற்று. மூன்று நூற்றாண்டு கழிந்தும், இங்கிலாந்தின் வடபகுதியில் மன்னன் பெருநாள் விருந்துண்ணும் நாளில் அவன் தேவி இன்னும் தவக்கால நோன்பில் இருந்தாள் என்று பீது என்னும் துறவி எழுதியிருக்கின்றார். அது பற்றியே 664-இல் விற்பி என்னும் மடத்திற் பேரவை கூடிற்று. 1582-இல் கிரகோரியார் திருத்தம் வந்தபின் பிளவு வேறுருக் கொண்டது. கீழைத் திருச்சபையினரும் மேலைத் திருச்சபையினரும் இன்றும் பல யாண்டுகளில் வெவ்வேறு ஞாயிற்றைக் கொள்ளுகின்றனர். 2025-இல் ஏப்ரல் 20 இருவர்க்கும் பொதுவாய் அமைந்தது.

நம்மவர் இவற்றைக் கேட்டு நகுதற்கு இடமில்லை. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்னும் இரண்டும் நம் இல்லங்களில் ஒரே ஆணியில் தொங்குகின்றன. சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதம் 2025 மார்ச்சு 29-இல் வைக்க, வாக்கியம் 2026 மார்ச்சு 6-இல் வைத்தது. ஏறத்தாழ ஓர் யாண்டு இடைவெளி! கேரளத்துப் பரமேசுவரர் கிரகணங்களைப் பல்லாண்டு நேரிற் கண்டு 1431-இல் திருக்கணிதம் இயற்றியபோது, பழைய வாய்பாடு வானத்தோடு ஒவ்வாமை கண்டே அதனைச் செய்தனர். கண் கணக்கைத் திருத்திய அந்நிகழ்ச்சியையும், கணக்கு கண்ணைத் திருத்தும் எனச் சுபுக்கீ கூறியதனையும் ஒருங்கு வைத்து நோக்குக.

இனி, எஞ்சிய வினா ஒன்றுண்டு. பெருநாட் பிறையைத் தான் ஒருவனே கண்டான். அவன் சான்றினை ஊரார் ஏற்றிலர். அவன் செய்வது யாது? இஸ்லாமிய நூலோர் இதில் வேறுபட்டனர். இமாம் மாலிக், அவனும் நோன்பினை விடற்க என்றனர். அவன் விடுவானாயின் ஊரார் ஐயுறுவர், நம்பத்தகாதாரும் அதனைச் சாக்காகக் கொண்டு யாமும் கண்டேம் என்று உண்பர் என்பது காரணம். இமாம் ஷாபியீ, அவன் மறைவாக உண்க என்றனர். இவ்விரண்டாவது விடை முதற்கண் நோக்குவார்க்குக் கரவுபோலத் தோன்றும். ஆழ நோக்கின் அவ்வாறன்று. தான் கண்டதைக் கண்டிலேன் என்று அவன் தன் நெஞ்சுக்குப் பொய் கூறவுமில்லை; தன் காட்சியைக் கொடியாக உயர்த்தி ஊரைப் பிளக்கவுமில்லை. யோசுவா பொதுவழியில் கோலொடு நடந்து செய்ததனை, இவன் கதவடைத்து ஒரு பிடி உணவாற் செய்கின்றான். எமக்கு ஷாபியீ விடையே உவப்பானது. மாலிக் அஞ்சிய அச்சமும் மெய்யென்பதை மறுக்கின்றிலம்.

ஊர்க்கும் ஊர்க்கும் இடையே நிகழ்வது வேறு. மதீனாவினின்றும் குரைபு என்பார் ஒரு பணிமேற் சிரியா சென்று, ஆண்டு ரமலான் பிறையைக் கண்டு, மாத இறுதியில் மீண்டனர். நபித்தோழராகிய இப்னு அப்பாஸ் வினவியபோது, சிரியாவில் மதீனாவுக்கு ஒருநாள் முந்தியே பிறை காணப்பட்டமை வெளிப்பட்டது. முஆவியாவும் மக்களும் கண்டது போதாதோ என்று குரைபு கேட்க, போதாது, யாம் எம் பிறையைக் காணும்வரை அல்லது முப்பது நிரம்பும்வரை நோற்போம், நபியவர்கள் எமக்கு ஏவியது இவ்வாறே என்றார். சிரியாவினர் பிழைத்தாரென்று அவர் கூறிற்றிலர். இதுகொண்டே ஷாபியீ நெறியினர் அவ்வவ்வூர்ப் பிறை அவ்வவ்வூர்க்கு என்றனர். ஹனபீ நெறியினர் ஓரிடத்துக் காட்சி எல்லாரையும் பிணிக்கும் என்பர். காயற்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் முன்னதும், உள்நாட்டூர்களிற் பின்னதும் பெருவழக்காதலின், தமிழகத்திற் காணும் வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு வேர்.

முதலிற் கூறிய தெருவின் இருசாராருள் விலக்கியது செய்தார் எவர் என்னும் வினாவுக்கு, இருவரும் அல்லர் என்பதே இதுகாறும் கூறியவாற்றாற் போந்த விடை; ஒவ்வொருவரும் தாம் சார்ந்த மன்றத்தின் துணிபைப் பற்றி நின்றனராயின். தன் ஊரவையை வெல்லுதற்கென்றே தொலைநாட்டுப் பிறையைத் துணைக்கழைப்பானை இவ்விடை காவாது.

இதனையும் ஒருவர் மறுக்கலாம். ரமலானின் இறுதிப் பத்திரவுகளுள் ஒற்றைப்பட்ட இரவுகளில் லைலத்துல் கத்ர் என்னும் மாண்புடைய இரவு தேடப்படும். அஃது ஆயிரம் திங்களினும் சிறந்தது என்பது மறைமொழி. ஓரூரில் இருபத்தேழாமிரவு மற்றோரூரில் இருபத்தாறாம் இரவாயின், அம்மாண்பு எவ்வூரின்மேல் இறங்கும்? நாள் கொள்வாராற் புனிதமாம் என்பார்க்கு இது பெருந்தடை. அவ்விரவு மக்கள் துணிந்ததன்று, இறைவன் மறைத்து வைத்தது ஆதலின். இத்தடைக்கு நூலாற் சொல்லும் விடை பல. பள்ளிவாயிலில் நிகழும் விடை ஒன்றுண்டு. இறுதிப் பத்துநாளும் பள்ளியிலேயே தங்கியிருத்தல் நபிகள் நாயகம் அவர்கள் தொடங்கிவைத்த வழக்கம், இஃதிகாப் எனப்படும். அங்ஙனம் தங்குவான் ஒற்றை இரட்டை எண்ணுவதில்லை, ஓரூர்ப் பிறை மற்றோரூர்ப் பிறைக்கு முந்தியதோ பிந்தியதோ என வினவுவதுமில்லை, பத்திரவும் விழித்திருக்கின்றான்.